சுவிட்சை அமுக்கினா ஆமைக்குஞ்சு வழி மாறும்: பேப்பர்ல ஒரு லைட் பாக்ஸ் செய்யறது எப்படி

மாசு, அதனால சாகற உயிருங்க, இதை வெச்சு பேப்பர்ல ஏதாவது செய்யணும்னா முக்காவாசி பேர் பிளாஸ்டிக் பக்கம்தான் போவாங்க. வயித்துக்குள்ள கவர் இருக்கற திமிங்கலம், கழுத்துல வளையம் மாட்டின கடல்பறவை, இந்த மாதிரி. அதெல்லாம் தேவைதான், ஆனா ஒவ்வொரு கண்காட்சியிலயும் அதையே பாத்து பாத்து ஜனங்க நின்னு பாக்கறதே இல்ல, ஒரு தலையாட்டல், அடுத்த டேபிள். அதனால இங்க நான் சொல்லித்தரப் போறது வேற ஒரு மாசு. ராத்திரி வெளிச்சம். கடற்கரை ஓரமா இருக்கற தெருவிளக்கு, ரிசார்ட் ஃபோகஸ் லைட், பால்கனி பல்பு, இதெல்லாம் சேந்து பங்குனி ஆமைக் குஞ்சுங்களை எப்படி ரோட்டுப் பக்கம் இழுக்குதுன்னு ஒரு பேப்பர் டப்பாவுக்குள்ள காட்டப் போறோம். பேப்பரும் வெளிச்சமும் சேந்தாத்தான் இந்த வேலை நடக்கும், ரெண்டுல ஒண்ணு இல்லேன்னா கதையே கிடையாது, அதனாலதான் இந்த விஷயத்துக்கு பேப்பர் கலை அவ்வளவு பொருத்தம்னு நான் நினைக்கறேன்.

விஷயம் தெரியாம கட்டரை எடுக்காதீங்க, முதல்ல இதைப் படிச்சிடுங்க. பங்குனி ஆமைன்னு நம்ம மீனவங்க சொல்றது ஆலிவ் ரிட்லி கடலாமையைத்தான். ஜனவரியில இருந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும் ராத்திரி நேரத்துல கரை ஏறி, ஒண்ணரை அடி ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, சுமாரா 100ல இருந்து 120 முட்டை போட்டு மூடிட்டு கடலுக்குப் போயிடும். மெரினா, பெசன்ட் நகர், நீலாங்கரைன்னு சென்னை கரையிலயே வருது, ஒடிசாவுல ருஷிகுல்யா, கஹிர்மாதா பக்கம் கூட்டம் கூட்டமா வருது. கிட்டத்தட்ட 45லேருந்து 60 நாள்ல குஞ்சு பொரியும். மேல மண்ணு சூடு தணிஞ்ச அப்புறம்தான், பெரும்பாலும் ராத்திரியில, எல்லாம் மொத்தமா மேல வரும். வந்ததும் அதுங்க பாக்கறது ஒண்ணே ஒண்ணு, தொடுவானத்துல தாழ்வா எந்தப் பக்கம் வெளிச்சமா இருக்குன்னு. இயற்கையான கரையில நட்சத்திர வெளிச்சமும் நிலா வெளிச்சமும் தண்ணியில பட்டு கடல் பக்கம்தான் பளபளன்னு இருக்கும், பின்னாடி மணல்மேடும் செடி கொடியும் இருட்டா உயரமா நிக்கும். இருட்டை விட்டுட்டு வெளிச்சத்துக்குப் போ, இவ்வளவுதான் அதுக்குத் தெரியும், கோடிக்கணக்கான வருஷமா அது போதுமானதா இருந்துச்சு.

இப்ப பின்னாடிதான் வெளிச்சம். அதனால குஞ்சு திரும்பி ரோட்டைப் பாத்து நடக்குது. நாய் தூக்குது, நண்டு இழுத்துக்கிட்டுப் போகுது, வண்டி ஏறுது, எதுவுமே ஆகாட்டியும் விடிய விடிய சுத்தி உடம்புல இருக்கற சத்தும் ஈரமும் தீந்து வெயில் வந்ததும் காய்ஞ்சு போகுது, இல்ல காக்கா கொத்துது. ஆயிரம் குஞ்சுல ஒண்ணுதான் பெருசாகும்னு பொதுவா சொல்லுவாங்க, அந்த ஒண்ணையும் நாம தெருவிளக்குக்கு பலி கொடுக்கறோம். சென்னையில 1988லேருந்து மாணவர் கடலாமை பாதுகாப்பு அமைப்பு, அதான் எஸ்எஸ்டிசிஎன், சீசன்ல ராத்திரி கரையோரமா நடந்து முட்டையைத் தேடி எடுத்து பொரிப்பகத்துல வெச்சு, குஞ்சு வந்ததும் கடல்ல விடறாங்க, வனத்துறையும் தனியா பொரிப்பகம் நடத்துது. முட்டையை அப்படி இடம் மாத்த வேண்டி வந்ததுக்கு நாய்த் தொல்லை ஒரு காரணம்னா கரையில இருக்கற வெளிச்சம் இன்னொரு பெரிய காரணம்.

ஒரு விஷயம் மட்டும் குழப்பிக்காதீங்க. 2025 ஜனவரியில சென்னை கரையில நூத்துக்கணக்குல பெரிய ஆமைங்க செத்து ஒதுங்குச்சே, அது வெளிச்சத்தாலயும் இல்ல பிளாஸ்டிக்காலயும் இல்ல, இழுவலையில மாட்டி மேல வந்து மூச்சு விட முடியாம செத்ததுன்னுதான் சொன்னாங்க. அதையும் இதையும் ஒரே படத்துல போட்டு கலக்கிட்டா பாக்கறவங்க மனசுல எதுவும் நிக்காது, அதுவும் இல்லாம ஒரு மீனவர் வந்து அதைப் பாத்தார்னா உங்க படத்துல இருக்கற தப்பை அவர்தான் முதல்ல பிடிப்பார். ஒரு பெட்டிக்கு ஒரு கதை.

சரி, செஞ்சு முடிச்சா எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். சும்மா பாத்தா ஒரு அமைதியான கடற்கரை. இடது பக்கம் கடல், நடுவுல மணல், மணல்ல ஒரு குழி, குழியிலேருந்து கடலை நோக்கி சின்னச் சின்ன கால்தடம், வானத்துல நட்சத்திரம். பெட்டி கீழ ஒரு காலிங் பெல் சுவிட்ச். அதை அமுக்கினதும் வலது பக்கம் இதுவரைக்கும் இல்லாத ஒரு ஊர் எரிய ஆரம்பிக்கும், அடுக்குமாடி ஜன்னல், தெருவிளக்கு, வானத்துல மங்கலா ஒரு வெளிச்சப் படலம். கடல் பக்கம் போன தடம் கண்ணுக்குத் தெரியாமப் போயிடும், அதே குழியிலேருந்து ஊர் பக்கமா திரும்பின தடம் எரியும். விரலை எடுத்தா எல்லாம் அணைஞ்சு பழையபடி கடற்கரை.

தோல்பாவைக்கூத்துல பொம்மையோட நகைக்கும் துணிக்கும் சின்னச் சின்ன பொத்தல் போட்டிருப்பாங்க, விளக்கு பின்னாடி வரும்போதுதான் அது மின்னும், பகல்ல கையில எடுத்துப் பாத்தா வெறும் ஓட்டை. நாம செய்யறதும் அந்த வேலைதான், என்ன, தோலுக்குப் பதிலா அட்டை.

என்னென்ன வேணும்

ஏ3 சைஸ் பேப்பர்தான் சரி, ஏ4ல செஞ்சா தடம் ரொம்ப பொடியா போயிடும், ரெண்டடி தள்ளி நின்னா தெரியாது. முன்னாடி தெரியற ஷீட்டுக்கு வெளிர் நீலம் இல்ல சாம்பல் கலர்ல 80லேருந்து 100 ஜிஎஸ்எம் பேப்பர், ஸ்டேஷனரி கடையில கலர் பேப்பர்னு கேட்டாலே குடுப்பாங்க. சார்ட் பேப்பர் வேண்டாம், அது வெளிச்சத்தை முழுங்கிடும். வாங்கறதுக்கு முன்னாடி கடையிலயே பேப்பருக்குப் பின்னாடி மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க, விரலை நடுவுல வெச்சா விரலோட ஓரம் தெளிவா தெரியணும், தெரிஞ்சா அந்தப் பேப்பர் ஓகே.

ரெண்டாவது, மாஸ்க் அட்டை. வெளிச்சத்தை மறைக்கற அட்டை இதுதான், முழு வேலையும் இதுலதான் இருக்கு. ஒரு பக்கம் வெள்ளை, இன்னொரு பக்கம் சாம்பலா இருக்குமே, பெரிய ஸ்வீட் பாக்ஸ் அட்டை, துணிக்கடை சட்டைப் பெட்டி அட்டை, அது அருமையா வரும், காசும் மிச்சம். ஏ3க்கு பத்தலேன்னா ரெண்டு துண்டை ஒட்டிக்கலாம், ஒட்டு மட்டும் கட்டடத்துக்கு நடுவுல வராம பாத்துக்குங்க. ஏன் கறுப்பு சார்ட் வெட்டி ஒட்டக்கூடாதுன்னு கேப்பீங்க. மெல்லிசு பேப்பருக்குப் பின்னாடி கறுப்பை ஒட்டினா முன்னாடியே இருட்டு அடிச்ச மாதிரி தெரிஞ்சு, ஓட்டை இருக்கற இடமெல்லாம் தனியா வெளுத்துக் காட்டிக் குடுத்துடும், சுவிட்ச் போடறதுக்கு முன்னாடியே ரகசியம் போச்சு. அதனால வெள்ளை முகம் முன்ஷீட்டை ஒட்டி இருக்கணும், பின்பக்கம் மட்டும் கறுப்பு போஸ்டர் கலர் ரெண்டு தடவை அடிக்கணும்.

மத்தபடி ட்ரேசிங் பேப்பர் மூணு ஷீட், மஞ்சள் பட்டம் பேப்பர் கொஞ்சம், கறுப்பு சார்ட் ஒண்ணு, பெட்டிக்கு பழைய கார்ட்டன் அட்டை, கட்டர், முடிஞ்சா பேனா மாதிரி பிடிக்கற கூர்மையான கத்தி, இரும்பு ஸ்கேல், கோணி ஊசி, மை தீந்த பால்பாயிண்ட் பேனா, வெள்ளை ஜெல் பேனா, க்ளூ ஸ்டிக், ஃபெவிகால். லைட்டுக்கு 5 வோல்ட் யூஎஸ்பி எல்இடி ஸ்ட்ரிப் ரெண்டு மீட்டர், ஒரு காலிங் பெல் சுவிட்ச். தெர்மகோல், கிளிட்டர், லேமினேஷன் மூணும் வேண்டவே வேண்டாம், கடலுக்காகப் பேசற ஒரு பொருள்ல கடல்ல போய்ச் சேரற குப்பை இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

எல்இடி வாங்கும்போது கூல் ஒயிட் கேட்டு வாங்குங்க, வார்ம் வேண்டாம். அழகுக்கு வார்ம்தான் நல்லா இருக்கும், தெரியும். ஆனா ஆமைக்குஞ்சை அதிகமா இழுக்கறது நீலமும் பச்சையும் கலந்த வெள்ளை வெளிச்சம்தான், ஆம்பர், சிவப்பு கலருக்கு அது அவ்வளவா திரும்பறதில்ல. அதனால நம்ம பெட்டியில தெருவிளக்கு வெள்ளையா எரியணும், வீட்டு ஜன்னலை மட்டும் பட்டம் பேப்பர் வெச்சு மஞ்சளாக்கிக்கலாம்.

வரைபடம் போடறது

முதல்ல ஒரு நியூஸ்பேப்பர்லயோ பிரவுன் ஷீட்லயோ ஏ3 அளவுக்கு முழுப் படத்தையும் வரைஞ்சிடுங்க, சுவிட்ச் போடாத படமும் போட்ட படமும் ரெண்டும் ஒரே ஷீட்டுல, ரெண்டு கலர் பென்சில்ல. 42 செமீ அகலம், 30 செமீ உயரம். மேலேருந்து 10 செமீ இறக்கி தொடுவானம். இடது மூணுல ஒரு பங்கு கடல், அலை ஓரம் நேரா வேண்டாம், வளைஞ்சு வளைஞ்சு வரட்டும். நடுவுக்குக் கொஞ்சம் வலது பக்கமா, கீழேருந்து ஒரு 10 செமீ மேல, முட்டைக் குழி. வலது பக்கம் மணல்மேடு, மேல அடம்புக்கொடி, பின்னாடி ஒண்ணு ரெண்டு சவுக்கு மரம். அடம்பு இலை நுனியில ரெண்டா பிளந்து இருக்கும், அதை அப்படியே வரைங்க, ஏதோ ஒரு கொடின்னு வரையாதீங்க, கரையில வளர்ந்தவங்க ஒரு செகண்டுல கண்டுபிடிச்சுடுவாங்க.

நாலு மூலையிலயும் ஊசியால ஒரு சின்ன குத்து. இந்த நாலு குத்தும் முன்ஷீட்லயும் மாஸ்க்லயும் ஒரே இடத்துல வரணும், அப்பதான் ரெண்டையும் ஒட்டும்போது ரெண்டு படத்தோட குழியும் ஒரே இடத்துல உக்காரும். ரெண்டு செமீ நகந்தா கதை புரியாது.

குஞ்சோட உருவத்தைப் பத்தி கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா நெட்ல கிடைக்கற ஆமை படம் பெரும்பாலும் பச்சை ஆமை, அதைத்தான் எல்லாரும் காப்பி பண்றாங்க. பச்சை ஆமைக்கு ஓட்டுல நடு வரிசைக்கு ரெண்டு பக்கமும் நாலு நாலு பெரிய கட்டம் இருக்கும். பங்குனி ஆமைக்கு பக்கத்துக்கு ஆறு, ஏழு, எட்டு கூட வரும், இடது பக்கம் ஆறு இருந்தா வலது பக்கம் ஏழு இருக்கும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னு இல்ல. அந்தக் கோணலை மறக்காம வரைங்க, அதுதான் இந்த ஆமை. குஞ்சு நிஜத்துல ஓடு மட்டும் சுமார் 4 செமீ, உள்ளங்கையில ஓரமா அடங்கிடும், கரும்சாம்பல் கலர். முன்துடுப்பு ரெண்டும் உடம்புக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத நீளம், தலையும் பெருசு. நம்ம படத்துல ரெண்டு செமீல போட்டா போதும், ஆனா துடுப்பை சுருக்காதீங்க, சுருக்கினா வண்டு மாதிரி ஆயிடும்.

தடமும் அப்படித்தான். இடது வலதுன்னு மாத்தி மாத்தி வைக்கறதால கமா போட்ட மாதிரி ஒண்ணு இந்தப் பக்கம், அடுத்தது கொஞ்சம் முன்னால தள்ளி அந்தப் பக்கம் வரும். ஜோடி ஜோடியா நேருக்கு நேர் போடக்கூடாது.

முன்ஷீட்

வெளிர் நீலப் பேப்பர்ல தொடுவானம், அலை ஓரம் லேசா பென்சில்ல. கடல், மணல் வித்தியாசம் காட்ட வாட்டர் கலரை தண்ணி மாதிரி கரைச்சு ஒரு ஓட்டு ஓட்டினா போதும், திக்கா போஸ்டர் கலர் அடிச்சா பின்னாடி வெளிச்சம் வராது, பேப்பரும் சுருண்டுக்கும். கலர் காய்ஞ்சதும் பேப்பரைக் கவுத்துப் போட்டு ஒரு நோட்டு புத்தகத்து மேல வெச்சு, மை தீந்த பேனாவால கடல் பக்கம் போற தடத்தை பின்பக்கத்துலேருந்து அழுத்துங்க. முன்னாடி புடைச்சுக்கிட்டு வரும். குழியிலேருந்து விசிறி விரிச்ச மாதிரி அஞ்சாறு வரிசை, அலை வரைக்கும். கவுத்து அழுத்தறதால படம் கண்ணாடி மாதிரி திரும்பும், அதனால நியூஸ்பேப்பர் வரைபடத்தையும் திருப்பி ஜன்னல் கண்ணாடியில ஒட்டி பின்பக்கமா வரைஞ்சுக்குங்க.

இந்தப் புடைப்பு ரூம் வெளிச்சத்துல சின்ன நிழல் விழுந்து அழகா தெரியும். சுவிட்ச் போட்டு பின்னாடி வெளிச்சம் வந்தா அந்த இடத்துல மாஸ்க் அடைச்சிருக்கறதால புடைப்பு இருட்டுல மறைஞ்சிடும். கடலுக்குப் போற வழி காணாமப் போறது இப்படித்தான் நடக்குது, எந்த மேஜிக்கும் இல்ல.

நட்சத்திரத்தை வெள்ளை ஜெல் பேனாவால முன்பக்கமே புள்ளி வைங்க. ஊர் வெளிச்சம் எரியும்போது அதுவும் மங்கிடும், நிஜ சென்னையில நடக்கறதும் அதுதானே. மணல்மேடு, அடம்பு, சவுக்கு மூணையும் கறுப்பு சார்ட்ல வெட்டி மேல ஒட்டிடுங்க. கடல் ஓரம் ரெண்டு மூணு குஞ்சும் கறுப்புல ஒட்டலாம். ஒண்ணு கவனிங்க, சுவிட்ச் போட்டா எரியப் போற ஜன்னலுக்கும் தடத்துக்கும் மேல கறுப்பு சார்ட் வந்துடக்கூடாது, வரைபடத்தை வெச்சு சரி பாத்துட்டு ஒட்டுங்க.

மாஸ்க் வெட்டறது

பொறுமை வேணும்னா இந்த இடத்துலதான் வேணும். வரைபடத்தை கார்பன் பேப்பர் வெச்சு அட்டையோட வெள்ளை முகத்துல ஏத்துங்க, வெள்ளை முகத்துல வரைஞ்சா திருப்பற தலைவலி இல்ல. வலது பக்கம் கட்டடம் வரிசையா மூணு செமீலேருந்து ஏழு செமீ உயரம் வரைக்கும், ஒவ்வொண்ணுலயும் ஜன்னல் 4 மிமீக்கு 6 மிமீ, பக்கத்துல தெருவிளக்குக்கும் ஓட்டை. எல்லா ஜன்னலையும் வெட்டாதீங்க, பாதி பேர் தூங்கியிருப்பாங்க, எரியற ஜன்னல் அங்கங்க இருந்தாத்தான் அது ஊர் மாதிரி இருக்கும்.

சின்ன ஓட்டை முதல்ல, பெருசு கடைசியில. பெருசை முதல்ல வெட்டிட்டா அட்டை தொளதொளன்னு ஆகி சின்னது வெட்டும்போது கிழியும். வளைவு வந்தா கத்தியைத் திருப்பாதீங்க, அட்டையைத் திருப்புங்க. ஒரே அழுத்துல வெட்டணும்னு நினைக்காம லேசா மூணு தடவை இழுங்க. பிளேடு முனை மழுங்கினா அட்டை ஓரம் பிசிறு அடிக்கும், உடனே முனையை உடைச்சு புதுசு எடுங்க, அந்தப் பழைய முனையை டேப்ல சுத்தி குப்பையில போடுங்க, குப்பை எடுக்கறவங்க கையைக் கிழிச்சிடும். சின்னப் பசங்களோட செய்யறீங்கன்னா கத்தி வேலை முழுக்க பெரியவங்க.

தடத்துக்கு கத்தி வேண்டாம், கோணி ஊசி. அதோட தட்டையான முனை குத்தற ஓட்டை வட்டமா இல்லாம சின்னக் கீறல் மாதிரி வரும், கொஞ்சம் சாய்ச்சு குத்தினா அச்சு அசல் துடுப்பு பட்ட தடம். அடியில பழைய ரப்பர் செருப்பு வெச்சுக்குங்க. வெள்ளை முகத்துலேருந்து பின்பக்கமா குத்துங்க, பிசிறு பின்னாடி போயிடும், அதை உப்புத்தாள் வெச்சு தேய்ச்சு விட்டுடலாம். குழியிலேருந்து கிளம்பி ஒரு முழங்கை தூரத்துக்கு கடல் பக்கமே போயிட்டு அப்புறம் வளைஞ்சு ஊர் பக்கம் திரும்பற மாதிரி ரெண்டு வரிசை, கிளம்பும்போதே நேரா ரோட்டுக்குப் போறது மூணு வரிசை, ஒண்ணு மட்டும் வட்டம் வட்டமா சுத்தி எங்கயும் போகாம நிக்கறது. முழங்கைன்னு சொன்னது நிஜக் கரை கணக்கு, படத்துல அது மூணு செமீ. திசை தெரியாம சுத்தற அந்த ஒரு வரிசை ரொம்ப முக்கியம், பாக்கறவங்க அதுலதான் நிக்கறாங்க, இது என்ன இப்படிப் போயிருக்குன்னு கேக்கறாங்க, அங்கதான் பேச்சு ஆரம்பிக்கும்.

தெருவிளக்குக் கிட்ட ரெண்டு மூணு குஞ்சை உருவமாவே வெட்டி எடுங்க. ஓட்டுக் கோடு காட்டணும்னா முழுசா வெட்டாம நடுவுல மெல்லிசா பாலம் விட்டு வெட்டணும், 1 மிமீக்கு கம்மியா விட்டா அறுந்துடும். முதல் தடவை செய்யறவங்க உருவத்தை மட்டும் வெட்டுங்க, கோடு வேண்டாம்.

இப்ப ஊருக்கு மேல இருக்கற வெளிச்சப் படலம். கட்டடத்துக்கு மேல மாஸ்க்ல ஒரு அரைவட்டம் வெட்டி எடுங்க, ஆரம் 9 செமீ, உயரம் பத்தாத இடத்துல மேல் ஓரத்தோட நிறுத்திக்குங்க. மூணு ட்ரேசிங் ஷீட்டை அதுக்குப் பின்னாடி ஒட்டணும், ஆனா முதல் ஷீட்டுல நடுவுல 3 செமீ ஆரத்துக்கு அரைவட்ட ஓட்டை, ரெண்டாவதுல 5 செமீ, மூணாவதுல 7 செமீ. நடுவுல ட்ரேசிங்கே இல்ல, அங்க பளிச்சுன்னு இருக்கும், வெளிய போகப் போக ஒண்ணு ரெண்டு மூணுன்னு அடுக்கு ஏறி மங்கிக்கிட்டே போகும். ஈசிஆர்ல ராத்திரி போகும்போது சென்னை பக்கம் வானம் இப்படித்தான் தெரியும். அப்புறம் ஜன்னலுக்குப் பின்னாடி மட்டும் மஞ்சள் பட்டம் பேப்பர், தெருவிளக்குக்கும் தடத்துக்கும் எதுவும் வேண்டாம். கறுப்பு போஸ்டர் கலரை இதெல்லாம் ஒட்டறதுக்கு முன்னாடியே பின்பக்கம் அடிச்சு காய வெச்சிடுங்க.

ஒட்டறது

முன்ஷீட்டையும் மாஸ்க்கையும் மூலைக் குத்து சேர வெச்சு ஒட்டுங்க. ஈரமான பசை வேண்டாம், பேப்பர் சுருங்கி அலையடிக்கும், க்ளூ ஸ்டிக் போதும். கட்டடத்தைச் சுத்தி, தடத்தைச் சுத்தி நல்லா ஒட்டணும், நடுவுல காத்து இடைவெளி இருந்தா வெளிச்சம் கசிஞ்சு ஜன்னல் ஓரமெல்லாம் மங்கலாத் தெரியும். ஆனா கடல் பக்கம் புடைச்ச தடம் இருக்கே, அங்க கையால தேய்க்காதீங்க, அமுங்கிடும், ஓரத்துல மட்டும் தொட்டு விடுங்க. மத்த இடத்துக்கு மேல புத்தகம் வெச்சு ஒரு ராத்திரி விட்டுடுங்க.

பெட்டியும் லைட்டும்

கார்ட்டன் அட்டையில 42க்கு 30, ஆழம் 6 செமீ. உள்ள பின்சுவர்ல வெள்ளைப் பேப்பர் ஒட்டுங்க, வெளிச்சம் பட்டுத் திரும்பறதுக்கு. எல்இடி ஸ்ட்ரிப்பை பின்சுவர்ல ஒட்டினா புள்ளி புள்ளியா முன்னாடி தெரியும், அதனால நாலு பக்கச் சுவர்ல சுத்தி ஒட்டுங்க, சுத்தளவு 144 செமீதான் வரும், ரெண்டு மீட்டர் தாராளம், மீதியை கோடு போட்ட இடத்துல கத்தரிச்சுடலாம். அப்பவும் எங்கயாவது புள்ளி தெரிஞ்சா நடுவுல ஒரு ட்ரேசிங் ஷீட் நிறுத்துங்க, சரியாயிடும். மூலையில வெளிச்சம் ஒழுகுதான்னு இருட்டு ரூம்ல எரிய விட்டுப் பாத்து, ஒழுகற இடத்துல கறுப்பு பேப்பர் ஒட்டிடுங்க.

சுவிட்சுக்கு யூஎஸ்பி வயர்ல சிவப்பு வயரை மட்டும் நடுவுல வெட்டி, ரெண்டு நுனியையும் உரிச்சு, காலிங் பெல் சுவிட்சோட ரெண்டு ஸ்குருவுல மாட்டினா முடிஞ்சுது. வீட்டு கரண்டை நேரா பெட்டிக்குள்ள கொண்டு வராதீங்க, பேப்பர் பெட்டி, அந்த ரிஸ்க்கே வேண்டாம், 5 வோல்ட் மொபைல் சார்ஜர் மட்டும். பவர் பேங்க்ல குத்தினா ஒரு சிக்கல் இருக்கு, யாரும் அமுக்காம கொஞ்ச நேரம் இருந்தா கரண்ட் போகலேன்னு அது தானா தூங்கிடும், அப்புறம் அமுக்கினா எரியாது. சார்ஜர் வைக்க வழியில்லாத இடத்துக்கு மூணு பென்சில் பேட்டரி போடற ஹோல்டர் வாங்கி மாட்டிக்குங்க, நாலரை வோல்ட் வரும், வெளிச்சம் லேசா கம்மி, அவ்வளவுதான்.

சாதா ஆன் ஆஃப் சுவிட்ச் போடக்கூடாதான்னு கேட்டா, போடாதீங்கன்னுதான் சொல்லுவேன். பெல் சுவிட்ச்ல விரல் இருக்கற வரைக்கும்தான் எரியும். அமுக்கறது பாக்கறவரோட விரல், ஊரை எரிய வைக்கறது அவர், அணைக்கறதும் அவரே. கடல்ல கலந்த பிளாஸ்டிக்கை நாளைக்கே எடுத்துட முடியாது, கொட்டின எண்ணெயை துடைக்க மாசக்கணக்கு ஆகும். வெளிச்சம் அப்படி இல்ல, சுவிட்சை அணைச்ச அந்த நொடியே இல்லாமப் போற மாசு, மிச்சம் மீதி எதுவும் இருக்காது. இதை வாயால பத்து தடவை சொல்றதை விட அந்த விரலை எடுக்க வைக்கறது மேல்.

எங்க வைக்கறது, என்ன எழுதறது

ஸ்கூல் கண்காட்சி நல்லதுதான், ஆனா இந்தப் பெட்டி போக வேண்டிய இடம் கடல் பாத்த அப்பார்ட்மென்ட் லாபி, கரையோர ஹோட்டல் ரிசப்ஷன், பீச் பக்கத்து டீக்கடை. டிசம்பர்லயே கொண்டு போயிடுங்க, சீசன் ஜனவரியில ஆரம்பிக்குது, அதுக்கு முன்னாடி செக்ரட்டரி கிட்ட பேசினாத்தான் மொட்டைமாடி லைட்டைப் பத்தி ஏதாவது முடிவு எடுப்பாங்க. வைக்கற இடம் பளீர்னு ட்யூப்லைட்டுக்கு அடியில வேண்டாம், எரியறதே தெரியாது, கொஞ்சம் மங்கலான மூலை பாருங்க, ஆனா முழு இருட்டும் வேண்டாம், புடைச்ச தடம் தெரியறதுக்கு பக்கவாட்டுல லேசா வெளிச்சம் வேணும்.

பக்கத்துல வைக்கற சீட்டுல புள்ளிவிவரம் அடுக்காதீங்க. அவங்களால செய்ய முடியறதை மட்டும் எழுதுங்க. ஜனவரியிலேருந்து குஞ்சு பொரிக்கறது முடியற வரைக்கும் கடல் பக்கம் பாத்த பால்கனி, மாடி லைட்டை ராத்திரி அணைச்சிடுங்க. கட்டாயம் எரியணும்னா தாழ்வா, கீழ பாத்து, மூடி போட்டு, ஆம்பர் கலர் பல்பு. உள்ள லைட் எரிஞ்சா கடல் பக்கத்து ஜன்னலுக்கு திரை. மணல்மேட்டு மேல இருக்கற அடம்பை களைன்னு நினைச்சு பிடுங்காதீங்க, குஞ்சுக்குப் பின்னாடி இருட்டா நின்னு வழி காட்டறதே அதுதான். பெரிய ஆமையும் வெளிச்சம் அடிக்கற கரையில ஏறத் தயங்கும், அதனால மணல்ல மொபைல் டார்ச், ஃப்ளாஷ் ரெண்டும் வேண்டாம்.

பெட்டியைப் பாத்துட்டு ரொம்பப் பேர் கேக்கற கேள்வி, ரோட்டுல ஒரு குஞ்சைப் பாத்தா என்ன பண்றதுன்னு. அதையும் சீட்டுல கீழ எழுதிடுங்க. தண்ணி பக்கெட்டுல போடாதீங்க, வீட்டுக்கு எடுத்துக்கிட்டு போகாதீங்க, பங்குனி ஆமை 1972 வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கற உயிரு. வண்டி வராம நாய் வராம பக்கத்துல நின்னு காவல் இருங்க, வனத்துறைக்கோ உங்க கரையில நடக்கற ஆமைக் குழுவுக்கோ போன் பண்ணுங்க. அந்த நம்பரை முன்கூட்டியே விசாரிச்சு, வேலை செய்யுதான்னு ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டு, சீட்டுல பெரிய எழுத்துல எழுதி ஒட்டிடுங்க.